இரண்டு ஊர், ஒரே பிக்மி நம்பர்

2024 அக்டோபர் கடைசி. திருப்பூரில் தீபாவளி ஆர்டர் முடிகிற நேரம். பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் ராத்திரி பத்து மணி வரை நின்றுகொண்டிருந்த நாட்களில்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது. கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். ஸ்கேன் எடுத்தார்கள், ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்தார்கள், அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அரசுப் பதிவு என்று ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

எங்கள் லைன் வீட்டில் பொதுக் குழாயடியில் நின்றபோதுதான் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். "ஏனுங்க, பிக்மி நம்பர் வாங்கிட்டீங்களா? அது இல்லாட்டி குழந்தைக்குப் பொறப்பு சர்ட்டிபிகேட்டே வராதுங்க." அப்போது எனக்குப் பதினாலு வாரம். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் சொன்னது உண்மை. தமிழ்நாட்டில் 2017 அக்டோபர் 1 முதல், கர்ப்பத்தைப் பதிந்ததற்கான இந்தப் பன்னிரண்டு இலக்க எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்தாலும் இதேதான். ஆனால் சான்றிதழுக்காக மட்டும்தான் இந்த நம்பர் என்று நினைத்துக்கொண்டு பதிய ஓடினேன். அதன் உண்மையான வேலை என்ன என்பது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது.

முதல் இரண்டு முறை வெறும் கையோடு திரும்பினேன். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு சுகாதார நிலையத்துக்குப் போனால், "ரேஷன் கார்டு எந்த ஊரு? விருதுநகர் பக்கமா? அப்ப அங்க போய்ப் பதிஞ்சுக்கம்மா" என்றார்கள். அடுத்த வாரம் போனபோது பதிவு செய்கிற செவிலியர் முகாமுக்குப் போயிருந்தார். என் வீட்டுக்காரர் அன்று ராத்திரியே பிக்மி இணையதளத்தில் போனிலேயே முன்பதிவு செய்தார். கணவர் பெயர், ஆதார், கடைசி மாதவிலக்குத் தேதி, இப்போது குடியிருக்கிற முகவரி. மூன்றாம் முறை அந்த விவரத்தைக் காட்டியதும் வேறொரு செவிலியர் சொன்னார்: "குடியிருக்கிற இடத்துலயே பதியலாங்க கண்ணு. நம்பர் ஒன்னுதான். நீங்க எந்த ஊருக்குப் போனாலும் அது கூடவே வரும்." வாடகை வீட்டுக்காரர்கள் இந்த ஒரு வாக்கியத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு போனால் போதும், இரண்டு அரை நாள் சம்பளம் மிச்சம். கொண்டுபோக வேண்டியது ஆதார், பாஸ்புக், ஸ்கேன் ரிப்போர்ட், எப்போதும் கையில் இருக்கிற ஒரு போன் நம்பர்.

பதிந்த அன்றே குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிற சோதனை. "நான் இட்லி சாப்பிட்டுட்டேனே" என்று பதறினேன். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்றார்கள்.

ஏன் பரவாயில்லை என்று பிறகு தேடிப் படித்தேன். வெறும் வயிற்றோடு வா, மறுநாள் வா என்று சொன்னால் தூரத்திலிருந்து வருகிற பெண்ணும் கூலிக்குப் போகிற பெண்ணும் திரும்பி வருவது நிச்சயமில்லை. அதனால் வந்த அன்றே, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே சோதனையில் கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வாதாடி அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன், நாளைக்கு எனக்கு லீவு கிடைக்காது என்பதை என்னைப் பார்க்காமலேயே ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அன்றைக்கு 118. இரண்டு மணி நேர அளவு 140-ஐத் தொட்டால்தான் சர்க்கரை என்று கணக்கு. முதல் சோதனை சரியாக இருந்தாலும் 24 வாரத்துக்கு மேல் மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள். மார்ச் முதல் வாரம் எடுத்தபோது 152.

உணவு முறையை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரிக்க வேண்டும், சோற்றைக் குறைத்துப் பயறும் காயும் கூட்ட வேண்டும், ஜூஸ் கூடாது. அரசு கொடுக்கிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இருந்த பேரீச்சம்பழத்தைத் தொடாதே, இரும்புச்சத்து டானிக்கை விடாதே என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனதும் ரத்தம் எடுக்க வேண்டும். 120-க்குள் வராவிட்டால் மருந்து.

அந்த இரண்டு வாரத்துக்குள்தான் வளைகாப்பு. மாசி முடிவதற்குள் போட்டு, அம்மா என்னைக் கையோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏழாம் மாதம் முதல் நான் அம்மா வீட்டில். திருப்பூர் செவிலியரிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. பிரசவம் ஜூனில்தானே, ஒன்பதாம் மாதம் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஊர் முழுக்கப் பலகாரம் வந்துகொண்டிருந்தது. புள்ளத்தாய்ச்சி ஆசைப்பட்டதைச் சாப்பிடணும் என்று அதிரசமும் சீடையும் வாயில் ஊட்டினார்கள், நானும் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், கிராம சுகாதார செவிலியர் வாசலில் வண்டியை நிறுத்தினார். பால்வாடி டீச்சர் சொல்லித்தான் நான் வந்திருப்பது அவருக்குத் தெரியும். "ஏத்தா, நீ என் லிஸ்ட்டுலயே இல்லையே. அட்டையை எடு." திருப்பூரில் பதிந்தபோது கொடுத்த கர்ப்பிணி அட்டையில் இருந்த பிக்மி நம்பரைத் தன் டேப்லெட்டில் போட்டார். திருப்பூரில் எடுத்த 152 அங்கே இருந்தது. மறுபடி எடுக்க வேண்டிய நாள் முந்தின நாளோடு போயிருந்தது. திண்ணையில் தட்டு நிறைய இருந்த அதிரசத்தை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. "நாளைக்குக் காலைல சாப்பிட்ட நேரத்தைக் குறிச்சுக்கிட்டு வந்துரு. நான் அங்கதான் இருப்பேன்" என்றார்.

மறுநாள் 138. மெட்ஃபார்மின் தொடங்கினார்கள்.

பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நமக்குக் காலங்காலமான வழக்கம். கவனிப்பு அதிகம் வேண்டிய கடைசி மூன்று மாதத்தில்தான் பெண் ஒரு செவிலியரின் பட்டியலிலிருந்து கழன்று, இன்னொருவரின் பட்டியலில் இன்னும் ஏறாமல் நடுவில் நிற்கிறாள். என் எண் இரண்டு ஊருக்கும் ஒன்றாக இருந்தது, ஆனால் நான் ஊர் மாறினேன் என்பதை அது தானாகச் சொல்லவில்லை. ஒரு பால்வாடி டீச்சரும் வெயிலில் வண்டி ஓட்டி வந்த ஒரு செவிலியரும்தான் அந்த இடைவெளியை அடைத்தார்கள். ஊர் மாறுகிறவர்கள் கிளம்பும் முன் பழைய செவிலியரிடம் சொல்லிவிட்டு, போய்ச் சேர்ந்த வாரமே புதியவரிடம் அட்டையைக் காட்டிவிடுங்கள். நான் செய்யாமல் விட்டது அதுதான்.

அந்த செவிலியர் பிறகு வாரம் ஒருமுறை போன் செய்வார். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும், எந்த நாள் எந்த இடத்தில் தாமதமானது என்று கலெக்டர் வரை விசாரணை நடக்கும் என்றார். தமிழ்நாட்டில் லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்த காலம் 2001–03. அது 2018–20-இல் 54 ஆகியிருக்கிறது. எண்ணிக்கையைப் படிக்கிறபோது அது அரசாங்கக் கணக்காகத்தான் தெரியும். எனக்கு அந்த வாசலில் நின்ற வண்டி ஞாபகம் வருகிறது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலரும் கேட்பது அதைத்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய். இரண்டு பெட்டகம் போக ரொக்கம் 14,000. முன்பு ஐந்து தவணையாக இருந்தது 2024 ஏப்ரலிலிருந்து மூன்றாக ஆகிவிட்டது: நாலாம் மாதம் 6,000, குழந்தைக்கு நாலு மாதம் ஆனதும் 6,000, ஒன்பது மாதத்தில் 2,000. முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் கிடைக்கும், அதுவும் அரசு மருத்துவமனையில் பார்த்தால். எனக்கு முதல் தவணை வரவே இல்லை. ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் பெயர், கணக்கோ ஆதாரோடு இணைக்கப்படாதது. வங்கிக்கு மூன்று நடை நடந்த பிறகு, அம்மா ஊர் போஸ்ட்மேன்தான் வழி காட்டினார். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் கைரேகை வைத்துக் கணக்குத் தொடங்கி, அதையே ஆதாரோடு இணைத்தார். ஆதாரில் இருக்கிற பெயரே கணக்கிலும் வந்துவிட்டதால் இனிஷியல் பிரச்சினை தீர்ந்தது. அட்டையில் அந்தக் கணக்கை மாற்றி எழுதிய பிறகு, குழந்தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்பாக 6,000 வந்து சேர்ந்தது. அந்தப் பணம் சத்தான சாப்பாட்டுக்காக, வேலைக்குப் போகாமல் இருக்கிற மாதங்களுக்காக. பிறகு வருவதைவிட அன்றைக்கு வந்திருந்தால் நான் கம்பெனியில் ராத்திரி வேலையை முன்னாலேயே விட்டிருப்பேன்.

சர்க்கரை இருந்ததால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைக்காமல் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வலி எடுத்த பதினோரு மணி நேரமும் அம்மா என் தலைமாட்டில் நின்றார். சுகப்பிரசவம், 3 கிலோ 100. பிறந்தவுடன் அவன் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிறப்பைப் பதிய நம்பர் கேட்டபோது அட்டையைக்கூட எடுக்கவில்லை, எனக்கு மனப்பாடம். ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அந்தச் சோதனைக்கு நிறையப் பேர் போவதில்லையாம். பிள்ளை பிறந்துவிட்டது, சர்க்கரை போய்விட்டது என்று இருந்துவிடுகிறார்கள். நான் போனேன். 112.

திருப்பூருக்குத் திரும்பி, ஒன்பதாம் மாதத் தடுப்பூசியை நான் முதலில் பதிந்த இடத்திலேயே போட்டோம். அன்றைக்கு என்னோடு வரிசையில் எங்கள் லைன் வீட்டு ஒடிசாப் பெண்ணும் நின்றாள். கம்பெனியில் என் பக்கத்து டேபிள். தமிழ் நாலு வார்த்தைதான் வரும். அவளுடைய ஊர் வேறே என்று செவிலியர் தயங்கினார். "குடியிருக்கிற இடத்துலயே பதியலாங்க, இங்கதான் எனக்கும் பதிஞ்சீங்க" என்றேன். ஆதாரை வாங்கிக்கொண்டு கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டார். விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். ஒன்பது வாரம்.