பிரிட்டனில் எம்.எஸ்சி. எகனாமிக்ஸ்: ப்ராப்ளம் செட்டை வெற்றுத்தாளில் போடுங்கள்

இறுதி முடிவு வந்த சூட்டோடு, அடுத்த செப்டம்பரில் சேரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மொத்தம் 180 கிரெடிட். வகுப்புப் பாடங்களுக்கு 120, டிஸ்ஸர்டேஷன் என்ற கோடைக்கால ஆய்வேட்டுக்கு 60. இது தெரிந்த கதை. 50 பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன் என்பதும் தெரியும், ஆனால் அதன் கனம் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைக்கும். ஊரில் 85 வாங்கிப் பழகியவர்கள் 62-ஐப் பார்த்து இடிந்துபோக வேண்டாம். அது நல்ல மார்க். கட்டுரை வகைத் தாளில் 75-ஐத் தாண்டுவது அபூர்வம். கணக்குப் போடும் தாளில் விடை சரியென்றால் 85 கூட வரும். சராசரியைத் தூக்குவது மைக்ரோவும் (நுண்பொருளாதாரம்) எகனாமெட்ரிக்ஸும்தான் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்).

அந்த இரண்டுக்கும் ஒரே வழி, வாராவாரம் வரும் ப்ராப்ளம் செட், அதாவது வீட்டில் போட வேண்டிய கணக்குத் தொகுப்பு. பல இடங்களில் அதற்கு மார்க் கிடையாது, அதனாலேயே பலர் தீர்வுத்தாள் வரும்வரை காத்திருந்து படிக்கிறார்கள். படிக்கும்போது எல்லாம் புரியும். தேர்வு அறையில் முதல் வரியே வராது.

ஓர் உதாரணம். பயன்பாட்டுச் சார்பு (நுகர்வோரின் திருப்தியை அளக்கும் யுட்டிலிட்டி ஃபங்ஷன்), முதல் பண்டத்தின் லாக் கூட்டல் இரண்டாம் பண்டம். இரண்டாவதன் விலை 1. லக்ராஞ்சியன் (வருமானக் கட்டுப்பாட்டுக்குள் உச்சம் காணும் முறை) போட்டால், முதல் பண்டத்துக்கு ஆகும் செலவு அதன் விலை என்னவானாலும் 1 என்று வரும். மிச்ச வருமானம் இரண்டாவதற்கு. பாதிப்பேர் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள். வருமானம் 0.5 என்றால்? இரண்டாம் பண்டம் மைனஸ் 0.5 ஆகிறது, அப்படி ஒன்றை வாங்க முடியாது. அப்போது இரண்டாவது பூஜ்யம், முழு வருமானமும் முதல் பண்டத்துக்கு. வருமானம் 1-க்கு மேல், 1-க்குக் கீழ் என்று பிரித்து எழுதுவதற்குத்தான் மார்க். தீர்வைப் பார்த்தால் 'அட, தெரிந்ததுதானே' என்று தோன்றும். நீங்களே மைனஸ் வாங்கித் திணறியிருந்தால் மட்டுமே தேர்வில் நினைவுக்கு வரும்.

எனவே ஒவ்வொரு செட்டுக்கும் முதலில் இரண்டு மணி நேரம் வெற்றுத்தாள். பிறகுதான் தீர்வு. மூன்று நாள் கழித்து, தவறிய கேள்வியை மட்டும் மறுபடியும் வெற்றுத்தாளில்.

வேறு சில:

- செப்டம்பர் கணித வகுப்பைத் தவறவிடாதீர்கள். மேட்ரிக்ஸ், குன்-டக்கர் (மேலே பார்த்தது போல மைனஸ் வரக் கூடாத இடத்தில் உச்சம் காணும் முறை) இரண்டும் அங்கேயே முடிந்துவிடும். அக்டோபரில் யாரும் திரும்பச் சொல்லித்தர மாட்டார்கள்.
- எகனாமெட்ரிக்ஸில் கருவி மாறி (இன்ஸ்ட்ருமென்டல் வேரியபிள்) கேள்வி வந்தால் இரண்டு நிபந்தனைகளையும் தனித்தனியே எழுதுங்கள். கருவிக்கும் நாம் விளைவை அளக்க விரும்பும் மாறிக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதை முதல் கட்ட ரிக்ரஷனில் சோதிக்கலாம். கருவிக்குப் பிழை உறுப்போடு தொடர்பில்லை என்பதை, ஒரு மாறிக்கு ஒரே கருவி இருக்கும்போது, சோதிக்கவே முடியாது. பொருளாதாரக் காரணம் சொல்லித்தான் வாதாட வேண்டும். 'டெஸ்ட் செய்தேன்' என்று எழுதினால் மார்க் போகும்.
- 40 முதல் 49 வரை வாங்கிய ஓரிரு பாடங்களைப் பல பல்கலைக்கழகங்கள் சராசரி பார்த்து பாஸாக ஏற்றுக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் மறுதேர்வு. அதில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் மார்க் பெரும்பாலும் 50-க்கு மேல் ஏறாது. அதைவிட மோசம், அது பல இடங்களில் ஆகஸ்டில் வரும், டிஸ்ஸர்டேஷன் உச்சத்தில் இருக்கும்போது.

டிஸ்ஸர்டேஷன் என்பது பட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. பல துறைகளில் டிஸ்டிங்ஷனுக்கு அதிலும் 70 வேண்டும். கேள்வியைத் தேர்ந்துவிட்டு டேட்டா தேடுகிறவர்கள் ஜூலையில் மாட்டிக்கொள்கிறார்கள். யு.கே. டேட்டா சர்வீஸில் (ஆய்வுக்கான கணக்கெடுப்புத் தரவுகளின் காப்பகம்) பதிவு செய்தவுடன் இறங்கும் தொகுப்புகளும் உண்டு. பயிற்சியும் அனுமதியும் முடித்தபிறகே திறக்கும் கட்டுப்படுத்தப்பட்ட தொகுப்புகளும் உண்டு. இரண்டாவது வகையை நம்பினால் கோடையே காத்திருப்பில் கழிந்துவிடும். ஈஸ்டர் விடுமுறைக்குள் டேட்டாவை இறக்கி, ஒரு சராசரி அட்டவணையும் ஒரு ரிக்ரஷனும் ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய மாறியில் பாதி வரிசைகள் காலியாக இருந்தால், வேறு தலைப்புக்கு மாற அப்போது இன்னும் நேரம் இருக்கும்.