“சும்மாதான் எடுத்தேன்”

வீடியோ கேம் தயாரிக்கும் இடத்தில் வேலை என்றதும், நாள் முழுக்க விளையாடிக்கொண்டிருப்பேன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் வேலை விளையாடுகிறவர்களைப் பார்ப்பது. இன்னும் வெளிவராத கேமை வெளியாட்கள் கையில் கொடுத்து உட்காரவைத்து, எங்கே திணறுகிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைச் சொடுக்குகிறார்கள் என்று பக்கத்து அறையிலிருந்து குறித்துக்கொள்வோம். பிளேடெஸ்ட் என்று பெயர். முகத்துக்கு ஒரு கேமரா, விரல்களுக்கு ஒரு கேமரா. முடிந்ததும் எதிரே உட்கார்ந்து கொஞ்சம் பேச்சு.

ஆண், பெண் என்று இரண்டு நாயகர்கள் உள்ள கேம் என்றால் அந்தப் பேச்சில் ஒரு கேள்வி தவறாமல் வரும். பெண் கேரக்டரை ஏன் எடுத்தீர்கள்? ஆணை எடுத்தவரிடம் எங்கள் கேள்வித்தாள் அதைக் கேட்காது. ஆணை எடுப்பதற்குக் காரணம் வேண்டியதில்லை, பெண்ணை எடுத்தால் விளக்கம் சொல்ல வேண்டும் என்று நாங்களே முடிவு செய்துவிட்ட மாதிரி.

ஆண்களிடமிருந்து அதிகம் வரும் பதில், “சும்மாதான் எடுத்தேன்.” அதற்கு அடுத்தபடி அந்தப் பழைய ஜோக்: முப்பது நாற்பது மணி நேரம் முதுகைத்தானே பார்த்துக்கொண்டு ஓடப் போகிறோம், அது ஏன் ஒரு தடியனின் முதுகாக இருக்க வேண்டும்? இந்த ஜோக் என்னிடம் அபூர்வமாகத்தான் வரும். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பையன் கேட்டால் உடனே வரும். நான் கேட்டால், “சும்மா, அக்கா” என்பதோடு நின்றுவிடும். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துக் காரணம் மாறுகிறது என்றால், அந்தக் காரணத்தை நம்பி அறிக்கை எழுத முடியாது. அந்த ஜோக்கில் பாதி கேடயம் என்பது என் எண்ணம். யாராவது கிண்டல் செய்வதற்கு முன்னால் தானே சொல்லிச் சிரித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

இன்னொரு ரகம், கணக்குப் பேசுகிறவர்கள். பெண் உடம்பு ஒல்லி, குண்டு படுவது குறைவு, அதனால் எடுத்தேன் என்பார்கள். சில கேம்களில் இதில் உண்மையும் உண்டு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற சுடும் கேமில் ரெய்த், லைஃப்லைன் என்ற இரண்டு பெண் கேரக்டர்களும் உருவத்தில் சிறியவர்கள் என்பதால், 2019-இல் அவர்கள் மேல் படும் அடியை 5 சதவீதம் கூட்டினார்கள். அதே பட்டியலில் பாத்ஃபைண்டர் என்ற ரோபோவும் இருந்தது. ஆனால் இதே காரணத்தை, இரண்டு கேரக்டருக்கும் அளவு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் எங்கள் கேமிலும் சொன்னார்கள்.

இப்படிக் கணக்குச் சொன்ன ஒரு பையன் நினைவில் இருக்கிறான். கேரக்டரை வடிவமைக்கும் திரையிலேயே வெகுநேரம் இருந்தான். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு வைத்தான், எடுத்தான், இடப்பக்கம் மாற்றினான். முடியின் நிறத்தை ஒரு புள்ளி கருமையாக்கி, கேமராவைச் சுற்றி வந்து வெளிச்சத்தில் பார்த்தான். அடுத்து விளையாட வேண்டிய நண்பன் கதவைத் திறந்ததும், விரல் தானாக மெனு பொத்தானுக்குப் போய் அவள் முகத்தை மறைத்துவிட்டது. “டிஃபால்ட்டா வந்துச்சுடா” என்றான். அவளுக்கு எந்தத் தழும்பும் டிஃபால்ட்டாக வராது.

ஏன் எடுத்தாய் என்பதற்கும், எடுத்தபின் என்ன உணர்ந்தாய் என்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு. அதனால் நான் பேச்சைக் காட்டிலும் விரல்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

விரல்கள் சொல்வது என்னவென்றால், உணர்வு ஒரே நிலையில் இருப்பதில்லை. முதல் அரை மணி நேரம் பல ஆண்கள் பெண் கேரக்டரைப் பதவிசாக நடத்துகிறார்கள். பள்ளத்தின் விளிம்பில் நின்று யோசிக்கிறார்கள், தாவலாமா என்று தயங்குகிறார்கள், விழுந்துவிட்டால் வாயில் ‘ஐயோ பாவம்’ வருகிறது. ஆண் கேரக்டர் என்றால் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் சாகிறான் என்று தெரிந்துகொள்ளவே ஒரு தடவை தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் பட்டன்கள் கைக்குப் பழகியதும் இந்த மரியாதை கரைந்துவிடும். அதே ஆள் அதே பெண்ணை குறுக்கு வழி தேடி மலையிலிருந்து தூக்கிப் போடுவார். அப்போது அவள் ஒரு பெண்ணும் இல்லை, ஆணும் இல்லை. வெறும் தாவும் தூரமும் ஓடும் வேகமும்தான். இடையில், கதை சொல்லும் கட்சீன் ஒன்று வந்து, அவள் முகம் திரை நிறைய வந்து பேசத் தொடங்கினால் மறுபடி ஓர் ஆள் ஆகிவிடுகிறாள்.

2013-இல் வந்த டூம் ரெய்டர் வெளியாவதற்கு முந்தைய ஆண்டு, விளையாடுகிறவர்கள் அதன் நாயகி லாராவாகத் தங்களைக் கருதாமல் அவளைக் காப்பாற்றவே விரும்புவார்கள் என்கிற பொருளில் அதன் தயாரிப்புத் தரப்பிலிருந்தே பேசப்போய், பெரிய சண்டை நடந்தது. எனக்கு அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் அரைகுறை என்று படுகிறது. காப்பாற்றும் உணர்வு உண்மையிலேயே வருகிறது, என் அறையில் பார்க்கிறேன். ஆனால் அது நிற்பதில்லை. நிற்கவைக்க வேண்டுமென்றால் தயாரிப்பவர்கள் திரும்பத் திரும்ப அவளை அடித்துக் காட்ட வேண்டும். அந்த கேமில் லாரா சாகும் விதங்கள் சில பார்க்கச் சகிக்காதவை. 1996-இல் வந்த முதல் டூம் ரெய்டரின் லாரா கோணல்மாணல் முக்கோணங்களால் ஆன பொம்மை. அவள் விழுந்தால் யாருக்கும் வயிற்றைப் பிசையவில்லை.

அடிபடும் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இந்த வேலையில் கற்றதில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. நாங்கள் செய்துகொண்டிருந்த ஒரு கேமில், பெண் கேரக்டரை எடுத்தவர்கள் பலரும் “இவ கொஞ்சம் வீக்” என்றார்கள். ஆண்களும் சொன்னார்கள், பெண்களும் சொன்னார்கள். உயிர் அளவு, அடியின் பலம், ஓட்டம் எல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே எண்கள். புரோகிராமர்கள் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, எங்களை முறைத்தார்கள். பதிவுகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது விரல் கேமராவில் ஒன்று தெரிந்தது. சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கை ஹெட்போனின் ஒலியைக் குறைக்கப் போகிறது. சிலர் ஒரு காதைக் கழற்றிவிடுகிறார்கள். ஆண் கேரக்டருக்கு அடிபட்டால் ‘ம்ஹ்’ என்று ஒரு குட்டி உறுமல். பெண்ணுக்கோ நீளமான ஒரு முனகல், மூச்சிழுப்போடு. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. குரல் கொடுத்த பெண்ணிடம் ‘வலிக்கிற மாதிரி’ என்று சொல்லியிருக்கிறார்கள், ஆணிடம் ‘சண்டை போடுகிற மாதிரி’ என்று சொல்லியிருக்கிறார்கள். அவரவர் சொன்னதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மறுபடி பதிவு செய்தோம். இந்த முறை குரல் கொடுத்த பெண்ணிடம் ஒலிப்பதிவாளர் சொன்னது: மேசைக் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்ட எரிச்சல் இருந்தால் போதும். வந்தது ஒரு பல்லைக் கடித்த ‘ச்சே’. அதைப் பொருத்தி, ஓர் எண்ணையும் மாற்றாமல் அடுத்த குழுவிடம் கொடுத்தோம். ஒலியைக் குறைக்க யார் கையும் போகவில்லை. ‘வீக்’ என்ற பேச்சும் காணாமல் போனது. ஒரு பெண் மட்டும், “இவ அவனைவிட ஸ்ட்ராங்கா?” என்று கேட்டார். புரோகிராமர்கள் மறுபடி முறைத்தார்கள்.

பெண்கள் தரும் பதில்கள் வேறு மாதிரி. திரையில் பெண்ணைப் பார்த்து மனம் நிறைந்துவிட்டது என்று நெகிழ்ந்து பேசுவார்கள் என எங்கள் எழுத்தாளர்கள் எதிர்பார்ப்பார்கள். அப்படிச் சிலர் உண்டு. அதிகம் பேர் சொல்வது, “பரவாயில்லை, ஒண்ணும் உறுத்தலை.” உறுத்தவில்லை என்றால் என்ன என்று தோண்டினால், மார்பு அளவு, ஏணி ஏறும்போது கேமரா போய் நிற்கும் இடம், பனியில் தொப்புள் தெரியும் உடை என்று பட்டியல் வரும். 2007-இல் வந்த போர்ட்டல் கேமில் செல் என்ற நாயகியின் கண்களால்தான் எல்லாவற்றையும் பார்க்கிறோம், அவளை நேராகப் பார்ப்பதில்லை. சுவரில் திறந்த வாசல் வழியாகத் தற்செயலாகத் தெரிவாள், ஆரஞ்சு நிறச் சிறை உடை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு. அந்த கேமைப் பற்றி உறுத்தியது என்று என்னிடம் சொன்ன பெண் யாருமில்லை.

ஆன்லைன் கேம் என்றால் கதையே மாறிவிடும். தனியாக விளையாடும்போது பெண் கேரக்டரை எடுக்கிறவர்களில் சிலர் ஆன்லைனில் ஆணைத்தான் எடுக்கிறார்கள், மைக்கையும் அணைத்துவிடுகிறார்கள். காரணம் கேட்டால் ‘சும்மா’ என்று மழுப்புவதில்லை, நேராகச் சொல்கிறார்கள். ஹேலோ 3-இல் முன்கூட்டியே பதிவு செய்த ஆண் குரலையும் பெண் குரலையும் ஒலிக்கவிட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். பெண் குரலுக்கு வந்த வசவுகள் ஏறக்குறைய மூன்று மடங்கு. இத்தனைக்கும் இரண்டு குரல்களும் பேசியது ஒரே வாக்கியங்கள்.

ஆண்கள் ஆன்லைனில் பெண் வேடம் போடுவது வேறு கணக்கு. 2014-இல் வந்த ஓர் ஆய்வில், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாடிய 375 பேரைக் கவனித்தார்கள். ஆண்களில் 23 சதவீதம் பேர் பெண் உருவம் எடுத்தார்கள். பெண்களில் 7 சதவீதம் பேர்தான் ஆண் உருவம் எடுத்தார்கள். பெண் உருவம் எடுத்த ஆண்கள் சும்மா சும்மா குதித்தார்கள், பின்னோக்கி நடந்தார்கள், கூட்டத்திலிருந்து தள்ளி நின்றார்கள். உடம்பை மாற்றிக்கொண்டார்களே தவிர, நடையை மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் பதிவுகளிலும் அப்படித்தான். யார் உருவத்தை எடுத்தாலும் பெட்டியை உடைக்கிறவர் உடைத்துக்கொண்டேதான் இருக்கிறார்.

மேல்மாடிக் கூட்டங்களில் இதெல்லாம் எடுபடாது, சதவீதம்தான் எடுபடும். ‘மாஸ் எஃபெக்டிலேயே 18 சதவீதம் பேர்தானே பெண் ஷெப்பர்டை எடுத்தார்கள்’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த கேமில் ஷெப்பர்ட் என்ற தலைமைக் கேரக்டரை ஆணாகவோ பெண்ணாகவோ எடுக்கலாம்; அதைத் தயாரித்த பயோவேர் 2011 வாக்கில் சொன்ன எண் அது. சரி. அப்போது விளம்பரத்தில் யார் இருந்தார்? அட்டையில் யார் முகம்? ஜெனிஃபர் ஹேல் குரல் கொடுத்த பெண் ஷெப்பர்டுக்கு அட்டையில் இடம் கிடைத்தது மூன்றாம் பாகத்தில்தான், அதுவும் திருப்பிப் போட்டால் தெரியும் பின்பக்கத்தில். 2021-இல் மூன்று பாகங்களையும் புதுப்பித்து வெளியிட்டபோது பெண் ஷெப்பர்டை எடுத்தவர்கள் 32 சதவீதம். கடை வாசலில் எதை வைத்தோமோ அதன் அளவைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன, விளையாடுகிறவரின் மனதை இல்லை என்று நான் சொல்வேன். பாதிப் பேராவது தலையாட்டுவார்கள்.

விளையாடுகிறவர் பெண்ணாக இருக்க ஒப்புக்கொள்ள மாட்டார் என்று அவர்கள் சார்பில் மற்றவர்கள் தீர்மானித்த கதைகள் இந்தத் தொழிலில் நிறைய. 2013-இன் ரிமெம்பர் மீ கேமின் நாயகி ஓர் ஆணை முத்தமிட்டால் விளையாடும் ஆண் நெளிவான் என்று பதிப்பாளர்கள் தயங்கியதை அந்த கேமைச் செய்தவர்களே சொன்னார்கள். அசாசின்ஸ் க்ரீட் ஒடிசியில் கசாண்ட்ராவை மட்டும் நாயகியாக்கத்தான் அணி முதலில் நினைத்தது, மேலிடம் விடவில்லை என்று 2020-இல் செய்தி வந்தது. 1986-இல் வந்த மெட்ராய்டில், கவசத்துக்குள் இருப்பது பெண் என்பது வேகமாக முடித்தவர்களுக்குத்தான் தெரியும். அதுவரை சாமஸ் என்ற அந்த நாயகியாக ஓடிய எந்தப் பையனுக்கும் கை நடுங்கவில்லை.

ரஸ்ட் கேமில் 2016-இல் செய்தது எனக்குப் பிடித்த சோதனை. ஆணா பெண்ணா என்பதை விளையாடுகிறவரின் ஸ்டீம் கணக்கு எண்ணை வைத்து கேமே முடிவு செய்துவிடும், மாற்ற முடியாது. ‘இது நான் இல்லை’ என்று ஆண்கள் சிலர் கொதித்தார்கள். எங்களுக்கு இது பழகிப்போன விஷயம் என்று பெண்கள் சொன்னார்கள். அங்கே தேர்வே இல்லாததால், ஏன் எடுத்தாய் என்ற கேள்விக்கும் இடமில்லாமல் போய்விட்டது.

எங்கள் கேள்வித்தாளிலிருந்தும் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். தேர்வுத் திரையில் இப்போது யாரும் முன்கூட்டியே ஒளிர்வதில்லை. இடம் வலம் ஒவ்வொரு முறையும் மாறும். ஸ்டிக்கை அசைத்தால்தான் ஒருவர் தேர்வாவார். விற்பனைப் பக்கத்துச் சின்னத்தில் யார் முகம் என்பது இன்னும் முடிவாகவில்லை, அந்தக் கூட்டம் மூன்றாவது தடவையாகத் தள்ளிப்போயிருக்கிறது. “எந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று தோன்றியது?” என்பதுதான் இப்போதைய கேள்வி. போன வாரம் நாயகியை எடுத்து விளையாடிய ஒருவர் கொஞ்சமும் யோசிக்காமல், “ஏணி ஏறும்போது அந்தப் பின்னல் கேமராவை மறைக்குது, கட் பண்ணிடுங்க” என்றார். பக் பட்டியலில் போட்டாயிற்று. அந்தப் பின்னலை அசையவைக்க மாதக்கணக்கில் உழைத்த அனிமேட்டர் அதற்குக் கீழே ஒரே வரி எழுதியிருக்கிறார்: “ஏணியை மாற்றுங்கள்.”