ஸ்பேனர் இல்லாமல் உள்ளே போகாதே: மத்திய ஆஸ்திரேலியாவில் என் முதல் ஆண்டு

தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளில் சுற்றுச்சூழல் சுகாதார வேலை கிடைத்தது. அதற்கான ஓக்கர் கார்டு என் கைக்கு வந்துசேர ஆறு வாரம் ஆனது. ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில் குழந்தைகளோடு பழகும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த அட்டை கட்டாயம். பழைய குற்றப் பதிவு ஏதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தருவார்கள். அந்த ஆறு வாரமும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் முதலுதவிப் பயிற்சி, மணலில் ஜீப் ஓட்டும் பயிற்சி, சாட்டிலைட் போன் பழக்கம் என்று கழிந்தன. கடைசியாக நில அனுமதி. 1976ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டப்படி நான் போகவேண்டிய நிலம் அதன் பழங்குடி மக்களுக்குச் சொந்தம். யார், எதற்காக, எந்தத் தேதியில் வருகிறோம் என்று சென்ட்ரல் லேண்ட் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

"ஒரு வேலைக்கு இத்தனை காகிதமா?" என்று திருநெல்வேலியிலிருந்து அம்மா கேட்டார். "அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற வேலை அம்மா, கேட்டுவிட்டுத்தானே போகவேண்டும்" என்றேன். அப்போது அதை ஒரு பதிலாகத்தான் சொன்னேன். அதன் கனம் பிறகுதான் தெரிந்தது.

நான் ஊரில் நுண்ணுயிரியல் படித்தவள். திருமணமாகி அடிலெய்டுக்கு வந்தபின் சுற்றுச்சூழல் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டயம் முடித்தேன். நம் ஊர் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேலையின் விரிந்த வடிவம் என்று சொல்லலாம். உணவகச் சமையலறை, நீச்சல் குளத்துக் குளோரின், கழிவுநீர்த் தொட்டி, இரைச்சல், பூச்சி எல்லாம் பாடத்தில் இருந்தன. தொலைதூரப் பழங்குடிச் சமூகங்களைப் பற்றி வந்தது மிகக் கொஞ்சம். அங்கே குழந்தைகளுக்குக் கண் நோயும் தோல் புண்ணும் அதிகம், சுத்தம் பற்றிய விழிப்புணர்வு தேவை என்ற அளவில் மனதில் பதிந்திருந்தது. அந்த 'விழிப்புணர்வு' என்ற சொல்லை நம்பித்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

வேலையில் சேர்ந்த பிறகு நடந்ததுதான் உண்மையான பயிற்சி. முதல் நாள் எங்களுக்கு ஒரு பழைய கதையைச் சொன்னார்கள். 1980களின் நடுவில், தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் ஙனம்பா ஹெல்த் கவுன்சில் என்ற பழங்குடி மக்களின் சொந்த மருத்துவ அமைப்பு இயங்கிவந்தது. மருந்து கொடுத்து அனுப்பிய குழந்தைகள் அதே நோயோடு திரும்பத் திரும்ப வந்தார்கள். அதன் இயக்குநர் யாமி லெஸ்டர் ஒரு மருத்துவர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு சுகாதாரப் பணியாளர் என மூவரை அழைத்து, மக்கள் நோயில் விழுவதையே நிறுத்த வழி தேடச் சொன்னார். லெஸ்டர் சிறுவயதில் பார்வையை இழந்தவர். 1953இல் எமு ஃபீல்டில் பிரிட்டன் நடத்திய அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு தங்கள் முகாமின்மேல் கறுத்த புகைமூட்டம் கவிந்ததை வாழ்நாள் முழுவதும் சாட்சியாகச் சொல்லிவந்தார். மண்ணும் காற்றும் கெட்டால் உடம்பு என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

மருத்துவர் பால் டோர்சிலோ, கட்டடக் கலைஞர் பால் ஃபொலீரோஸ், ஸ்டீபன் ரெய்னோ ஆகிய அந்த மூவரும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து தயாரித்த அறிக்கை 1987இல் வந்தது. உள்ளூர் மொழியில் வைத்த அதன் நீண்ட பெயரை யு.பி.கே. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நலமாக வாழ ஒரு வீடு என்னென்ன செய்யவிட வேண்டும் என்று அது ஒன்பது காரியங்களை வரிசைப்படுத்தியது. முதலாவது உடம்பைக் கழுவுவது, குறிப்பாக ஐந்து வயதுக்குள்ளான குழந்தைகளை நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டுவது. அடுத்து துணியும் படுக்கையும் துவைப்பது, பிறகு கழிவுநீரை வெளியேற்றுவது, சமைப்பது. இப்படியே நெரிசல், விலங்கும் பூச்சியும், புழுதி, வெயிலும் குளிரும், கடைசியாகச் சிறு காயங்கள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவது. இந்த வரிசை ஏதோ ஒரு வசதிக்காக வைத்தது இல்லை. பணம் குறைவாக இருந்தால் மேலிருந்து கீழே செலவழிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான மின்சாரம், எரிவாயுக் கோளாறுகள் மட்டும் எல்லாவற்றுக்கும் முந்தியவை.

அந்த வகுப்பில் சொன்ன இன்னொரு விதியை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேனே தவிர, உள்வாங்கவில்லை: சரிசெய்யாமல் கணக்கெடுக்காதே.

மூன்றாம் வாரம் தெற்கு எல்லைக்கு அருகிலுள்ள ஒரு குடியிருப்புக்குப் போனேன். அங்கே பேசுவது பிட்ஜன்ட்ஜட்ஜாரா மொழி. அந்த மொழி என்னைத் தழுவிக்கொண்டது என்றே சொல்வேன். ஆங்கிலேயர் திணறுகிற ட, ண, ள ஒலிகள் அதில் அப்படியே இருக்கின்றன. அவர்கள் தங்களைக் குறிக்கும் 'அணஙு' என்ற சொல்லில் வருவது நம்முடைய ண. நாம் நெடுங்கணக்கில் எழுதிப் பழகிவிட்டுப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் ங அங்கே சொல்லின் முதலிலேயே வருகிறது. நாய்க்குப் 'பபா', தண்ணீருக்குக் 'கபி'. நான் சொல்லிப் பார்த்ததைக் கேட்டு, என்னோடு வேலை செய்ய வந்த மூத்த பெண்மணி, "உனக்கு இது எப்படி வருகிறது?" என்று கேட்டார். என் தாய்மொழி பற்றிச் சொன்னேன். அன்றிலிருந்து அவரைக் 'கங்குரு' என்று கூப்பிட்டேன். அக்கா என்று பொருள். பழங்குடிச் சுகாதாரப் பணியாளருக்கான சான்றிதழ்ப் படிப்பை முடித்து, பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவருகிறவர்.

முதல் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். அக்கா வேறொரு வீட்டில் இருந்தார். வாசலில் நின்று அனுமதி கேட்டு, உள்ளே போய், பட்டியலில் உள்ளதையெல்லாம் ஒழுங்காகப் பார்த்தேன். ஷவரில் சுடுதண்ணீர் வரவில்லை. குளியலறைத் தண்ணீர் வடியாமல் தேங்கி நின்றது. சமையலறைக் குழாயின் வாஷர் தேய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு நன்றி சொல்லிக் கிளம்பினேன். வீட்டுக்காரப் பாட்டி திண்ணையில் இருந்தபடி, "போன வருடமும் ஒருத்தர் வந்து எழுதிக்கொண்டு போனார்" என்றார். கோபமே இல்லாத குரல்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் என் கையிலிருந்த குறிப்பெழுதும் அட்டையை வாங்கி வண்டி இருக்கையில் வைத்தார். கருவிப் பெட்டியைத் திறந்து ஸ்பேனரையும் வாஷர் பொட்டலத்தையும் என் கையில் கொடுத்தார். "திரும்பிப் போ. ஒன்றையாவது சரிசெய்துவிட்டு வா. வெறுங்கையோடு போய்ப் பார்த்தால் அது வேடிக்கை பார்ப்பது." அன்று என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இருபது நிமிடம் ஆனது. பாட்டி பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார்.

மறுநாள் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வந்து முறையான சுற்று தொடங்கியது. உள்ளூர் இளைஞர்களும் பெண்களும்தான் குழுவில் அதிகம். காலையில் பயிற்சி, சிறிது நேரத்தில் வீடுகளுக்குள் வேலை. ஒரு வீட்டில் 250க்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதிப்போம்: விளக்கு எரிகிறதா, பிளக்கில் எர்த் இருக்கிறதா, குழாயில் வேகம் எவ்வளவு, கதவுப் பூட்டு வேலை செய்கிறதா. கையால் முடிந்ததை அங்கேயே சரிசெய்வோம். மற்றவை அன்றே பிளம்பரின் பட்டியலுக்குப் போகும்.

பாட்டியின் வீட்டுச் சுடுதண்ணீர் ஹீட்டரைத் திறந்தபோது, உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருந்தது. பாலைவனத்து நிலத்தடி நீர் அப்படி. தண்ணீரின் தன்மைக்கு ஏற்ற ஹீட்டரைப் பொருத்தாமல், நகரத்துக்குப் பொருந்துவதை வாங்கி மாட்டியிருந்தார்கள். பிறகு ஒருவரும் வந்து பார்க்கவில்லை. 'விழிப்புணர்வு' என்ற சொல் என்னிடமிருந்து உதிர்ந்தது அந்த நேரத்தில்தான். எந்த வகுப்பு எடுத்தாலும் அந்த ஹீட்டர் சூடாகாது. குளிர்கால இரவுகளில் அங்கே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும். அந்தத் தண்ணீரில் எந்தத் தாய் இரண்டு வயதுக் குழந்தையைக் குளிப்பாட்டுவாள்?

யு.பி.கே. மூவரும் பின்னர் தொடங்கிய ஹெல்த்ஹேபிடட் அமைப்பு நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்திருக்கிறது. முதல் சோதனையில் ஒழுங்காக வேலை செய்த ஷவர் இருந்த வீடுகள் சுமார் 35 சதவீதம்தான். கோளாறுகளின் காரணங்களையும் எழுதி வைத்தார்கள். ஏறத்தாழ 70 சதவீதம் பராமரிப்பு இல்லாததால் வந்தவை. 20 சதவீதத்துக்குச் சற்று மேல் கட்டும்போதே செய்த தவறுகள். குடியிருப்பவர்கள் உடைத்ததாகச் சொல்லக்கூடியவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த மூன்று எண்களை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். "அவர்கள் வீட்டை நாசமாக்கிவிடுகிறார்கள்" என்று சொல்லும் ஒவ்வொருவரிடமும் இவற்றைச் சொல்கிறேன். நம் தமிழ்க் குடும்பங்களின் விருந்துகளிலும் அந்தப் பேச்சு வருகிறது, அங்கேயும் சொல்கிறேன்.

குழாய்க்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு வெளியே தெரிவதைவிட நீளமானது. முகம் கழுவ வழியில்லாத இடத்தில் ட்ரக்கோமா என்ற கண் தொற்று பரவும். திரும்பத் திரும்ப வந்தால் இமை உள்ளே மடங்கி, முடி விழியை உரசிப் பார்வையைக் கெடுத்துவிடும். துவைக்க வழியில்லாத படுக்கையில் சிரங்கு பரவும். சிரங்கைச் சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப் கிருமி ஏறும். அது சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும், ருமாட்டிக் இதய நோயிலும் அதற்குப் பங்கு உண்டு என்கிறார்கள். அந்த இதய நோய் வந்த குழந்தைக்கு 28 நாட்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. அந்த ஊசி மிகவும் வலிக்கும். கிளினிக் வாசலில் ஊசிக்காகக் காத்திருந்த ஒரு சிறுமியைப் பார்த்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சிரங்குக்கு நாய்களே காரணம் என்றும் நான் நினைத்திருந்தேன். பயிற்சியில் அதையும் திருத்தினார்கள். மனிதருக்கிடையே பரவும் சிரங்குப் பூச்சியும் நாய்ச் சொறியின் பூச்சியும் மரபணுவில் வேறுபட்டவை என்று 1990களில் டார்வினின் மென்ஸீஸ் ஆய்வு நிறுவனத்தார் காட்டினார்கள். மனிதச் சிரங்கு மனிதரிடமிருந்தே வருகிறது. அதிலும் தோல் தடித்துச் செதில் செதிலாகும் கடுமையான வகையில் ஓர் உடம்பில் லட்சக்கணக்கான பூச்சிகள் இருக்கும். அந்த ஒருவரைக் கண்டுபிடித்துக் குணப்படுத்தாமல் மற்ற வீடுகளில் மருந்து பூசிப் பயனில்லை. நாய்களுக்கும் சிகிச்சையும் கருத்தடையும் தேவைதான், அது நாய்களின் நலத்துக்காக. அந்த மக்கள் நாயைக் குடும்பத்தில் ஒன்றாக வைத்திருப்பவர்கள். சுடவோ பிடித்துக்கொண்டு போகவோ ஆள் வருகிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் அதன்பிறகு ஒரு கதவும் திறக்காது. டார்வினிலுள்ள அம்ரிக் என்ற அமைப்பு கால்நடை மருத்துவர்களை அனுப்புவதோடு உள்ளூர் ஆட்களுக்கும் இதில் பயிற்சி தருகிறது.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பது காரியங்களுக்கும் எதை எப்படிக் கட்டவேண்டும், எது எங்கே பழுதாகும் என்று படத்தோடு சொல்லும் தேசியப் பழங்குடி வீட்டுவசதிக் கையேட்டை முதலில் படியுங்கள். 1999இல் முதல் பதிப்பு வந்தது, பிறகு இருமுறை திருத்தி வெளியிட்டார்கள். என் பட்டயப் படிப்பின் பாடநூல்களைவிட அதுவே எனக்கு அதிகம் கைகொடுத்தது. மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், நார்தர்ன் டெரிட்டரியில் அதற்கென்று அரசுச் சேவையே இருக்கிறது. குழாய் மாற்றக் கற்றுக்கொண்டு போங்கள்.

பொறுமையும் வேண்டும். ஒரு மரணம் நிகழ்ந்தால் ஊரே துக்கம் காக்கும், வேலை நிற்கும். இறந்தவரின் பெயரைச் சொல்லக்கூடாது. எங்கள் இரண்டாம் சுற்று அப்படி ஐந்து வாரம் தள்ளிப்போனது. மேலிடத்தில் ஒருவர் அறிக்கை தாமதமாகிறது என்று கடிந்துகொண்டார். நான் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. துக்க வீட்டு வாசலில் அளவுநாடாவோடு போய் நிற்க நம் ஊரில் யாருக்காவது மனம் வருமா?

என் மனதை இன்றும் அறுப்பது வேறொன்று. அக்காவின் வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒப்பந்தம். நிதி வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் இதே முறையில் பழுதுபார்த்த வீடுகளில் இருந்தவர்கள் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது, மற்ற வீட்டினரைவிட 40 சதவீதம் குறைவு என்று அந்த மாநிலச் சுகாதாரத் துறையே பத்தாண்டுக் கணக்கை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டது. இவ்வளவு தெரிந்த பிறகும் ஊரில் இருந்து, மொழி தெரிந்து, எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று அறிந்த ஒருவருக்கு நிரந்தர வேலை இல்லை. எனக்கு இருக்கிறது. இது அநியாயம்.

துக்கம் முடிந்து அழைப்பு வந்தபின் இரண்டாம் சுற்றுக்குப் போனோம். பாட்டியின் வீட்டில் புது ஹீட்டர் நன்றாக இருந்தது. ஆனால் குளியலறைத் தண்ணீர் மறுபடி தேங்கியிருந்தது. பிளம்பர் தரையைத் தோண்டிக் குழாயை அறுத்தார். வளைவில் கைப்பிடி அளவுக்கு சிமென்ட் கட்டி, வீடு கட்டிய அன்று விழுந்தது. இத்தனை ஆண்டுகளும் அந்தக் குடும்பம் கணுக்கால் அளவு அழுக்குத் தண்ணீரில் நின்று குளித்திருக்கிறது. அக்கா அந்தக் கட்டியைக் கையில் எடுத்து, ஒன்றும் பேசாமல் பாட்டியிடம் கொடுத்தார்.

புதுக் குழாயைப் பொருத்தி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். வடிந்தது. பாட்டி எங்களைத் தாண்டிக்கொண்டு பேரனை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைப்பதற்குள் ஷவர் சத்தமும் அந்தப் பையனின் கூச்சலும் கேட்கத் தொடங்கிவிட்டன.