பழ சீசனும் பாவசங்கீர்த்தனமும்

ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டரா இருக்கேன். நவம்பர்ல இருந்து ஜனவரி தாண்டியும் அரபிகா பழ சீசன், சாயங்காலம் எடை போடறப்ப மூட்டையைப் படுதாவுல கொட்டச் சொல்லி பச்சைக்காய், இலை, காம்பெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் கிலோ எழுதணும். நாள் பூரா குத்தம் பாக்குற வேலை, சம்பளமே அதுக்குத்தான்.

எங்க ஆபீஸ்ல ஒரு பையன், கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம், அந்தக் கண்ணை அப்படியே தன் மேலயும் திருப்பிக்கிட்டான். பாவசங்கீர்த்தனம், அதாவது ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கறது, அதைப் பண்ணிட்டு வந்த ராத்திரியே 'எதையாச்சும் விட்டுட்டனோ, மனசார வருந்தற மனஸ்தாபம் இல்லாம சொல்லிட்டனோ'ன்னு தூக்கம் வராது, அடுத்த சனிக்கிழமை அதே பாவத்தோட மறுபடி லைன்ல நிப்பான், பூசையில நற்கருணை அப்பம், அதான் நன்மை, அதை வாங்கவே பயம். ஊரே பக்தியான பையன்னு சொல்லும், எனக்கு அது பக்தியா தெரியல. சேசு சபையை ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியாருக்கே 1522ல ஸ்பெயின்ல மன்ரேசாவுல இதே பாடுதான், சொன்ன பாவத்தையே தோண்டித் தோண்டி உயிரை விட்டுடலாமான்னு நினைக்கிற வரைக்கும் போயி, பழசை இனிமே சொல்றதில்லன்னு முடிவெடுத்த அப்புறம்தான் மீண்டாரு. இதை அவன்கிட்ட சொன்னா "அவரு புனிதர்ண்ணே"ங்கிறான். என்னத்த சொல்ல.

பழம் எடுக்குற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. ஒருநா தராசுல மூட்டையை மாட்டப் போறேன், நான் கேக்கறதுக்கு முன்னாடியே "ரைட்டர் தம்பி, அடியில ஈர இலை கிடக்குது, கொட்டிட்டு எழுதுங்க"ன்னாங்க. பக்கத்துல நின்ன பொம்பளைங்க "பொழைக்கத் தெரியாதவ"ன்னு சிரிக்க, இவங்களும் சேர்ந்து சிரிக்கிறாங்க. கோயில்லயும் இப்படித்தான், பாவம் சொல்ற கூண்டு, அதான் பாவசங்கீர்த்தனத் தொட்டி, அதுல இருந்து எந்திரிச்சு வரப்பவே முகம் மலர்ந்திருக்கும். பயமே இல்லையாக்கான்னு பையன் கேட்டதுக்கு "சொல்லியாச்சு, சேசு கோடு போட்டு அடிச்சுட்டாரு, நீ ஏன்டா அவரு நோட்டைப் புடுங்கி மறுபடி எழுதுற?"ன்னாங்க.

'கடவுள் அன்பானவரு, இதெல்லாமா பாப்பாரு'ன்னு மூட்டையில இலையோட வர்றவங்களும் இருக்காங்க, அதை நான் சந்தோஷத்துல சேக்க மாட்டேன். அக்காவுக்கு இலை கண்ணுல பட்டுச்சு, அதான் வித்தியாசம். போப் பிரான்சிஸ் 2013ல 'நற்செய்தியின் மகிழ்ச்சி'ங்கிற ஊக்கவுரையில, ஈஸ்டர் உயிர்ப்பே வராத தவக்காலம் மாதிரி வாழுற கிறிஸ்தவங்க இருக்காங்கன்னு எழுதினாரு, பாவசங்கீர்த்தனத் தொட்டி சித்திரவதைக் கூடமா ஆகிடக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. நம்மாளுங்க நிறைய பேருக்கு வருஷம் பூரா, தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன்தான்.

பழம் உச்சத்துல இருக்கறப்பதான், கிறிஸ்துமஸுக்கு முந்தி வர்ற திருவருகைக் காலமும் வரும். பூசைக்கு ஃபாதர் போடறது ஊதா உடுப்பு, மூணாவது ஞாயிறு மட்டும் ரோஸ், மகிழ்ச்சி ஞாயிறு, அடுத்த வாரமே திரும்ப ஊதா. மனம் திரும்புற காலத்துக்கு நடுவுலயே சந்தோஷப்படச் சொல்ற திருச்சபைக்கு விவரம் இல்லாமயா இருக்கும்.

போன டிசம்பர்ல ஃபாதர் பையனைக் கூப்பிட்டு, மாசம் ஒருக்கா வந்தா போதும், சொன்னதைத் திரும்ப சொல்லக் கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாரு. கேக்குறான், ஆனா ஃபாதர் சொன்னதுக்குக் கீழ்ப்படியறது மட்டும் போதுமாண்ணேன்னு இப்ப என்னை வந்து நச்சரிக்கிறான், நான் அக்காகிட்ட அனுப்பி விட்டுடறேன்.