அகழிக் கரையில் எங்கே நிற்பது?

போட்டோவில் எதை எங்கே வைப்பது என்கிற கம்போசிஷனைப் பழக வேலூர்க்காரர்கள் வெளியூர் போக வேண்டாம். கோட்டை அகழிக் கரையில் காலை 6 மணிக்குப் போய் நின்றாலே போதும், மொபைல் கேமராவே தாராளம். 9 மணிக்கு மேல் நம்ம ஊர் வெயிலோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

முதலில் கேமரா செட்டிங்கில் கிரிட்டைப் போட்டுவிடுங்கள். திரை 9 கட்டமாகப் பிரியும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் 4 புள்ளிகளில் ஒன்றில் முக்கியமான பொருளை வை என்பதுதான் எல்லோரும் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதி. 1797-லேயே ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். புகைப்படமே வராத காலம் அது.

அகழியில் இந்த விதியை மீற வேண்டியிருக்கும். காற்றில்லாமல் மதில் முழுசாகத் தண்ணீரில் தெரிந்தால், மதிலும் தண்ணீரும் சேரும் விளிம்பை நட்டநடுவிலேயே வையுங்கள். காற்று கலைத்துவிட்டதா? தண்ணீரில் பார்க்க ஒன்றுமில்லை. அந்த விளிம்பைக் கிரிட்டின் கீழ்க் கோட்டுக்கு இறக்குங்கள். கரை விளிம்புக்கே போய்க் குனிந்து எடுப்பது நல்லது. உயரத்திலிருந்து எடுக்க எடுக்க, மதிலுக்குப் பின்னால் இருக்கும் மரமும் மலையும் பிம்பத்தில் மதிலுக்குள் மறைந்துபோகும்.

மதிலுக்கு நேர் எதிரே நின்றால் அது வெறும் கல் பட்டை. கரையோரமாக நடந்து, மதில் சாய்வாக ஓடுகிற இடத்துக்கு வாருங்கள். கரைக்கோடு படத்தின் கீழ் மூலையில் தொடங்கிக் கண்ணை உள்ளே இழுக்கும். ஆனால் கோடு போய்ச் சேருமிடத்தில் ஒரு கொத்தளமோ, நடந்து வரும் ஆளோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் போய் வெறுங்கையோடு திரும்பும்.

உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலின் ஏழுநிலைக் கோபுரத்தில்தான் பலரும் சறுக்குவது. கிட்டே நின்று போனை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்கிறது. போனுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் கோபுரத்துக்கு இணையாக இல்லாததுதான் காரணம். அகலமாகக் காட்டும் 0.5 எக்ஸ் போட்டால் கோபுரம் முழுசாக அடங்கும், சாய்வு போகாது. முடிந்தவரை பின்னால் போய், போனைச் செங்குத்தாகப் பிடித்து, 1 எக்ஸிலோ 2 எக்ஸிலோ எடுங்கள். கீழே அதிகமாக விழும் தரையைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். முக்காலி வேண்டாம், தொல்லியல் துறை இடம், அதற்குத் தனி அனுமதி கேட்பார்கள்.

பட்டனை அமுக்கும் முன் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள்: கரண்ட் கம்பி, மிதக்கும் பிளாஸ்டிக் கவர், பாதி வெட்டுப்பட்ட கை. ஆளின் தலையில் விளக்குக் கம்பம் முளைத்திருந்தால் அவரை நகரச் சொல்லாதீர்கள். நீங்கள் அரை அடி இடப்பக்கம் நகருங்கள். கிட்டே இருக்கும் ஆள் திரையில் வலப்பக்கம் அதிகம் நகர்வார், தூரத்துக் கம்பம் கொஞ்சமே நகரும். இரண்டும் பிரிந்துவிடும்.