யூஎக்ஸ் வேலைத் தேர்வு: பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள், என்ன கையளிக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்

சென்னை நிறுவனம் ஒன்றிலிருந்து, யூஎக்ஸ் எனப்படும் பயனர் அனுபவத் துறையில் (செயலியும் இணையதளமும் பயன்படுத்துபவருக்கு எப்படி அமைய வேண்டும் என்று பார்க்கும் துறை) பயனர் ஆய்வாளர் வேலைக்கான பணி ஆணை கடந்த வாரம் எனக்கு வந்து சேர்ந்தது. கடலூரில் கணினி அறிவியல் இளங்கலை முடித்துவிட்டு, புதுச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டே இத்தேர்வுக்குத் தயாரானேன். இத்துறைக்கு வர நினைக்கும் நம் ஊர்த் தம்பி தங்கைகளுக்கு, மனத்தில் எல்லாம் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. போர்ட்ஃபோலியோ (நாம் செய்த பணிகளின் தொகுப்பு), அசைன்மென்ட் (செய்து அனுப்பச் சொல்லும் மாதிரி வேலை), ஒயிட்போர்டு சுற்று (பலகையில் வரைந்தபடி ஒரு சிக்கலைத் தீர்த்துக் காட்டுவது), இறுதி நேர்காணல் என்ற வரிசையை இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை.

எனக்கு வேலை வாங்கித் தந்தது ஒரே ஒரு பழக்கம் என்று உறுதியாக நம்புகிறேன். விளம்பரத்தின் தலைப்பில் உள்ள பதவிப் பெயரை விட்டுவிட்டு, அந்த வேலையில் சேர்பவர் எதைச் செய்து முடித்துக் கையளிக்க வேண்டும் என்பதை மட்டும் தேடி அடிக்கோடிட்டுப் படித்தேன். ‘யூஐ யூஎக்ஸ் டிசைனர்’ (யூஐ என்பது பயனர் காணும் திரை) என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு திறமைகள் தேவைப்படும் பல வேலைகள் விளம்பரமாகின்றன. 1990களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் ‘பயனர் அனுபவம்’ என்ற தொடரைத் தம் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டபோது, ஒரு பொருளோடு மனிதருக்கு ஏற்படும் எல்லாத் தொடர்பையும் அது குறிக்க வேண்டும் என்றே விரும்பினார். அவ்வளவு அகலமான தொடர் ஒரு பதவிப் பெயருக்குள் அடங்கும்போது, விளம்பரம் எழுதுபவர் தமக்குத் தேவையான எதையும் அதில் போட்டுவிட முடிகிறது.

நான் அடிக்கோடிட்டுப் பிரித்த விதம் இது (முதலில் கேட்கப்படுவது, பிறகு அதற்குரிய வேலை):

– பயனர் நேர்காணல், பயன்பாட்டுச் சோதனை, ஆய்வறிக்கை: பயனர் ஆய்வாளர்.
– பயனர் செல்லும் வழி, வயர்ஃபிரேம் (திரையின் கோட்டு வரைவு), புரொட்டோடைப் (இயக்கிப் பார்க்கும் மாதிரி): இன்டராக்ஷன் டிசைனர்.
– நிறம், எழுத்துரு, காம்போனென்ட் (பொத்தான் போன்ற திரை உறுப்பு), டிசைன் சிஸ்டம் (அவற்றுக்கான பொது விதித் தொகுப்பு): யூஐ டிசைனர்.
– பொத்தானில் வரும் சொல், பிழைச் செய்தி, உதவிக் குறிப்பு: யூஎக்ஸ் ரைட்டர் அல்லது கன்டென்ட் டிசைனர்.
– மெனு, வகைப்பாடு, கார்டு சார்ட்டிங் (பயனர்களே அட்டைகளை வகைப்படுத்தும் சோதனை): தகவல் கட்டமைப்பு. இதற்கென்று தனிப் பணியிடம் அரிது; பெரும்பாலும் மற்றொரு வேலையோடு சேர்ந்தே வரும்.
– மேற்கண்டவற்றில் பாதியும், அதோடு பயன்பாட்டு அளவீடுகளும் வணிக இலக்கும்: புராடக்ட் டிசைனர்.
– எதை, எந்த வரிசையில் உருவாக்குவது என்ற முடிவு: புராடக்ட் மேனேஜர். இது வடிவமைப்பு வேலை அன்று.

புதுச்சேரியில் நான் படித்த பயிற்சி நிலையத்தில் இந்தப் பிரிவுகளைப் பற்றி ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. எல்லோரும் ஒரே உணவு விநியோகச் செயலியைத் திரை திரையாக வரைந்தோம். அதையே எல்லா வேலைக்கும் அனுப்பச் சொன்னார்கள். ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்த தோழியும் யூஐ வேலைக்கு விண்ணப்பித்த நண்பரும் ஒரே போர்ட்ஃபோலியோவோடு போய் நின்றார்கள். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய அவர்களுடைய பெற்றோரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் போர்ட்ஃபோலியோவுக்கு நான் எடுத்துக்கொண்ட பணித்திட்டம், கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர்கள் கடல்நிலை முன்னறிவிப்பை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற ஒன்றிய அரசு மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளையும் அலை, காற்று நிலவரத்தையும் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், அந்தக் காலத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம் நிதானமாகப் பேச முடியும். செயலி பார்ப்பீர்களா என்று கேட்டால் மரியாதைக்காகவே எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஆகவே, “அண்ணே, கடைசியா கடலுக்குப் போன அன்னிக்குக் காலையில என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன். “நான் எங்க தம்பி பார்க்கிறேன், ராத்திரியே பையன் பார்த்துச் சொல்லிடுவான்” என்று ஒருவர் சொன்னார்; வேறு சிலரும் ஏறத்தாழ அதையே சொன்னார்கள். திரையைப் பார்ப்பவர் ஒருவர், படகை எடுப்பவர் வேறொருவர் என்பதுதான் அந்த ஆய்வின் மையம்.

இந்த ஒரே பணித்திட்டத்தை ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்தேன். ஆய்வாளர் வேலைக்குக் கேள்விகளையும், யாரிடம் ஏன் பேசினேன் என்பதையும், கண்டறிந்தவற்றையும் முன்னே வைத்தேன். திரைகள் கடைசியில் ஒரு பக்கம் மட்டுமே. இன்டராக்ஷன் வேலைக்கு எழுதியதில், வீட்டில் இருக்கும் பையன் பார்த்த தகவல் கரையில் இருக்கும் தந்தைக்குப் போய்ச் சேரும் வழியே கதை. யூஐ வேலைக்கென்றால் வெயிலில் படிக்கும் திரை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்: அணுகல்தன்மை வழிகாட்டி (பார்வைக் குறை உள்ளவர்களும் பயன்படுத்தும்படி வடிவமைக்கச் சொல்வது) சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 என்ற குறைந்தபட்ச நிற வேறுபாட்டைக் கேட்கிறது, கடற்கரை வெயிலுக்கு நான் அதைவிடக் கூடுதலாக வைத்தேன் என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். புராடக்ட் டிசைனர் வேலைக்கோ, இதற்குத் தனிச் செயலி தேவையா, குரல் அழைப்பே போதுமா என்ற கேள்வியைத்தான் முதலில் எழுப்ப வேண்டும்.

இறுதி நேர்காணலில் எத்தனை பேரை வைத்துச் சோதிப்பீர்கள் என்று கேட்டார்கள். 5 பேர் போதும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதியதை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். ஒரே மாதிரியான பயனர்களிடம் பயன்பாட்டுச் சிக்கல்களைக் கண்டுபிடிப்பதற்கான எண்ணிக்கை அது. எத்தனை விழுக்காட்டினர் விரும்புகிறார்கள் என்று அளப்பதற்கு அது பொருந்தாது. படகு உரிமையாளர், படகு ஓட்டுபவர், வீட்டில் திரை பார்ப்பவர் ஆகியோர் தனித்தனிக் குழுக்கள் என்பதால் ஒவ்வொன்றிலும் சிலரைச் சேர்ப்பேன் என்றேன். அதன் பிறகு பேச்சு முழுவதும் தேவனாம்பட்டினத்தைப் பற்றியே நடந்தது.

மற்றவை சுருக்கமாக:

– பணித்திட்டம் இரண்டு போதும். குழுவாகச் செய்திருந்தால் உங்கள் பங்கைத் தனியே எழுதுங்கள்.
– ஆய்வாளர் வேலைக்கு, திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவில் அடிப்படை தெரிந்தால் போதும். மிச்சமாகும் நேரத்தில் நேரில் போய் மனிதர்களிடம் பேசுங்கள்.
– ஒரு பொருள் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் வினாத்தாளின் 10 கேள்விகளையும் மதிப்பெண் கணக்கிடும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். 100க்குக் கிடைக்கும் அந்த மதிப்பெண் விழுக்காடு ஆகாது; சராசரி 68 என்று கொள்வது வழக்கம்.
– யாரிடமும் பேசாமல், இணையத்தில் எடுத்த புகைப்படத்தோடு உருவாக்கிய பெர்சோனாவை (மாதிரிப் பயனர் சித்திரம்) போர்ட்ஃபோலியோவிலிருந்து நீக்கிவிடுங்கள்.
– ஒயிட்போர்டு சுற்றில் யோசிக்க இரண்டு நிமிடம் கேளுங்கள். நான் குறைவாகப் பேசும் இயல்புடையவன். அந்த இரண்டு நிமிடம் எனக்குப் பெரிதும் உதவியது.

புதுச்சேரியில் உள்ள சிறு நிறுவனங்கள் பலவற்றில் ஒருவரே எல்லா வேலையையும் செய்ய வேண்டியிருக்கும், அது தவறில்லை. அங்கே அசைன்மென்டாக எதைக் கேட்கிறார்களோ அதுவே உங்கள் அன்றாட வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் என்று அழைத்துவிட்டு வரவேற்புத் திரை வரையச் சொன்னால், “கடைசியாகச் செய்த ஆய்வால் உங்கள் செயலியில் எது மாறியது?” என்று நேர்காணலிலேயே பணிவாகக் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், அந்த இடத்தை யூஐ வேலையாகவே கருதி, அதற்குரிய சம்பளத்தைப் பேசுங்கள்.