கான் பிரியும் இடம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நம் பள்ளிக்குப் பின்னால், ரப்பர் மரங்களை ஒட்டி ஒரு சிமெண்டுக் கான், அதாவது வடிகால், ஓடும். மழை விட்டதும் அறிவியல் சார் எங்களை அங்கே கூட்டிப்போய், காகிதத்தைக் கிழித்துப் போடச் சொல்வார். நேராக ஓடும் இடத்தில் காகிதம் விர்ரென்று போய்விடும். கான் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஓரமாக விழுந்தது மட்டும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். சேறும் ரப்பர் இலையும் அடைவதும் அந்த ஓரத்தில்தான். "ஏண்டா இங்க மட்டும் தேங்குது?" என்பார். பதிலை மறுநாள் வரை சொல்ல மாட்டார்.

இப்போது மெல்பர்னில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரத்தக் குழாய்ச் செல்களை வளர்க்கிறேன். குழாயின் உட்புறம் ஒரே அடுக்குச் செல்கள், எண்டோதீலியம் என்பார்கள். அதன்மேல் திரவத்தைச் சீராக ஓடவிட்டு, ஒரு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், செல்கள் நீண்டு, ஓட்டத்தின் திசையிலேயே படுத்திருக்கும், காற்றில் சாய்ந்த லாலாங் புல் மாதிரி. ஓட்டம் சுழலும் இடத்தில் கூழாங்கல் பரப்பியதுபோல் கிடக்கும்.

அவற்றின் சுரப்பும் மாறுகிறது. சீரான ஓட்டம் உரசும்போது செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. சில நொடிகளே தங்கும் வாயு அது. அதற்குள் குழாய்த் தசையைத் தளர்த்தி, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். முயலின் பெருந்தமனித் துண்டில் இந்த உள்ளடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டால், வழக்கமாகத் தசையைத் தளர்த்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டாலும் தசை தளராது என்று 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். தளர்த்துவது இந்த வாயுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. 1998-இல் அவருக்கும் இக்னாரோ, முராட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சுழலும் ஓட்டத்தில் இந்தச் சுரப்பு குறைகிறது. வெள்ளணுக்களைப் பிடித்து வைக்கும் ஒட்டுப் புரதங்கள் கூடுகின்றன.

சாரின் கானுக்கும் குழாய்க்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபட வெகுநாள் ஆனது. கானின் கரை சும்மா இருக்கிறது, சேறு தானாகப் படிகிறது. குழாயின் சுவருக்கு உயிர் இருக்கிறது. ஓட்டம் மாறினால் அதற்குத் தெரிகிறது. கொழுப்பைத் தனக்குள்ளேயே சேரவிடுகிறது. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

அப்பா முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஒருநாள் காலையில் பசியாறும்போது வலது கை மரத்து, காப்பிக் கோப்பை நழுவி விழுந்தது. கால்மணி நேரத்தில் கை சரியாகிவிட்டது. தம்பி விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஸ்கேன் படத்தைப் போனில் அனுப்பினான். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இடது கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடம், வெளிப்பக்கச் சுவரில் கொழுப்பு. அந்த ஓரமேதான்.

படத்தை வைத்துக்கொண்டு அப்பாவுக்குக் கானைச் சொல்லித்தான் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ கான்ல சேறு வாருற மாதிரி இதையும் வார முடியுமா, ஐயா?"

"முடியும்ப்பா. கழுத்துல திறந்து எடுத்துடுவாங்க."

"சரி, எடுக்கச் சொல்லு" என்றார்.